நீச்சல் வீரர்கள் மலையேறுவது ஏன்? நம் மேட்டுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு?

ஸ்பெயின் நாட்டின் சியரா நெவாடா மலையில், கடல் மட்டத்திலிருந்து 2,320 மீட்டர் உயரத்தில், 50 மீட்டர் நீளமுள்ள நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. பெரிய போட்டிகளுக்கு முன்பு பல நாட்டு நீச்சல் வீரர்கள் அங்கே மூன்று நான்கு வாரம் தங்கிப் பயிற்சி செய்கிறார்கள். குளம் கீழேயே இருக்கும்போது மலைக்கு ஏன் போக வேண்டும்? கேமரன் மலையில் வாழும் நமக்கும் இது தொடர்புள்ள கேள்விதான்.

உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் குறைகிறது. (ஆக்சிஜன் என்பதைப் பெரியவர்களுக்குப் பழகிய சொல்லாலேயே எழுதியிருக்கிறோம்.) சியரா நெவாடாவில் அது கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. குறைவை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. முதல் சில நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைவதால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தம் சற்றுக் குறையும். அதனால் கீழே எளிதாக நீந்திய அதே வேகம் மேலே கடினமாகத் தெரியும்.

இதற்குள் சிறுநீரகம் வேலையைத் தொடங்கிவிடும். அது சுரக்கும் எரித்ரோபொய்ட்டின் என்ற பொருள், சிவப்பணுக்களை அதிகம் உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும். மூன்று நான்கு வாரத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் சில விழுக்காடு உயரும். வீரர்கள் தேடிப்போவது இதைத்தான். மலையை விட்டு இறங்கினால் சில வாரங்களில் அந்தப் பலன் கரைந்துவிடும்.

நீச்சலில் இதயத்துக்கு ஒரு சலுகையும் உண்டு. உடல் படுத்த நிலையில் இருப்பதாலும் தண்ணீர் சுற்றிலும் அழுத்துவதாலும் கால்களில் தேங்கும் இரத்தம் நெஞ்சுக்கு எளிதாகத் திரும்புகிறது. நாடித்துடிப்பு ஓட்டத்தில் ஏறும் அளவுக்கு ஏறுவதில்லை.

சரி, நம் ஊர்? தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர். இங்கே பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 85 விழுக்காடு. இது நடுத்தரமான உயரம்தான். சிவப்பணுக்கள் குறிப்பிடத்தக்க அளவு கூட, பயிற்சியாளர்கள் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களையே தேடுவார்கள். ஆகவே "மலையிலேயே பிறந்து வளர்ந்தவன், என் இதயம் இரும்பு" என்று நம்பியிருப்பது சரியல்ல. பல ஆண்டுகள் கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கியது உடலுக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் வேலையை விட்டு ஓய்வில் உட்கார்ந்த பிறகு அந்தப் பலன் அப்படியே நிற்காது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் மலை, சமவெளி என்று பார்த்து வருவதில்லை.

உண்மையான ஆபத்து வேறொன்று. மூச்சு வாங்கினால் "மேடுதானே, அப்படித்தான் இருக்கும்" என்று மலையின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடுகிறோம். உயரம் நேற்று கூடவில்லை. லயத்து வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் அதே மேட்டில், போன தீபாவளிக்கு ஒரு முறை நின்றவர் இப்போது மூன்று முறை நிற்கிறார் என்றால், மாறியது மேடு அல்ல. தலையணை உயரமாக இல்லாமல் படுக்க முடியவில்லை, இரவில் மூச்சு முட்டி எழுகிறீர்கள், மாலையில் கணுக்கால் வீங்குகிறது என்றால் தள்ளிப்போடாமல் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். இரத்தசோகையும் இதே போல் மூச்சு வாங்க வைக்கும். இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

நெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை வந்தால் உடனே 999 அழையுங்கள். தாப்பா சாலையில் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு இறங்க வேண்டாம். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல், காரணம் தெரியாத அசதியும் குமட்டலும் மட்டும் வரலாம்.

அதிகாலைக் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். அதனால் வெயில் வந்த பிறகு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். ஈப்போவில் மகன் வீட்டுக்கு இறங்கிப்போனால் மூச்சு சற்று இலேசாக இருக்கலாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கிளினிக்கிற்கு வரும்போது சாப்பிடும் மாத்திரைகளோடு நாட்டு மருந்துகளையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள்.