வயலின் பயிற்சியில் கைவலி: அலட்சியம் வேண்டாம், தவிர்க்கும் வழிகள் என்னென்ன?

மும்பை: வயலின் கற்கும் மாணவர்களுக்கு விரல்களிலும் மணிக்கட்டிலும் வலி ஏற்பட்டால், 'சாதகம் செய்தால் வலிக்கத்தான் செய்யும்' என்று கூறிக் கடந்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. தொடர்ந்து நீடிக்கும் வலி உழைப்பின் அடையாளம் அன்று. வாசிக்கும் முறையிலோ பயிற்சியின் அளவிலோ பிழை உள்ளது என்பதற்கான எச்சரிக்கை.

மும்பையில் மாஹிம் முதல் மாட்டுங்கா, செம்பூர் வரையிலான பகுதிகளில் கர்நாடக இசை பயிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. 1952-இல் தொடங்கப்பட்ட சண்முகானந்த சபாவின் அரங்கமும் கிங்ஸ் சர்க்கிள் ரயில் நிலையத்துக்கு அருகில்தான் உள்ளது. பள்ளியில் எழுத்து வேலை, கைப்பேசி, நெரிசலான ரயிலில் கைப்பிடியைப் பற்றியபடி பயணம், அதன் பிறகு வயலின் வகுப்பு என ஒரே கைக்கு நாள் முழுவதும் வேலை இருப்பதை இங்குள்ள பெற்றோர் எளிதில் உணரலாம்.

பாதிப்பு எவ்வாறு ஏற்படுகிறது?

தசையை எலும்புடன் இணைக்கும் தசைநாண்கள், ஒரே அசைவை ஓய்வின்றித் திரும்பத் திரும்பச் செய்யும்போது உரசி வீங்குகின்றன. கட்டைவிரலால் வயலினின் கழுத்துப் பகுதியையோ வில்லையோ இறுகப் பற்றுவோருக்கு, கட்டைவிரலை ஒட்டிய மணிக்கட்டுப் பகுதியில் வலி தோன்றலாம்.

மணிக்கட்டை நெடுநேரம் மடக்கி வைத்தால் அதன் வழியே செல்லும் நரம்பு அழுத்தப்படும். அப்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போகும். இரவில் இது அதிகமாகத் தெரியும். இடது முழங்கை அதிகமாக மடங்கியே இருந்தால், சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் மரத்த உணர்வு ஏற்படலாம்.

வலியே இல்லாத பாதிப்பும் உண்டு. 'டிஸ்டோனியா' எனப்படும் இக்குறைபாட்டில், வாசிக்கும்போது மட்டும் விரல்கள் கட்டுப்பாட்டை இழந்து தாமாகவே மடங்கும். டோக்கியோ சரம் நால்வர் குழுவின் முதல் வயலின் கலைஞராக 1981 முதல் விளங்கிய பீட்டர் உஞ்சியன், இடது கையில் ஏற்பட்ட இக்குறைபாட்டால் 1995-இல் அக்குழுவிலிருந்து விலகினார். பின்னர் இசை நடத்துநராகிப் புகழ்பெற்றார் எனினும், வயலின் கலைஞராக அவர் கட்டியெழுப்பிய வாழ்க்கை அத்துடன் நின்றது.

அமரும் முறையே அடிப்படை

கர்நாடக இசையில் வயலின் கலைஞர் தரையில் சம்மணமிட்டு அமர்கிறார். வயலினின் தலைப்பகுதி வலது கணுக்கால் அருகே தங்குகிறது. மறுமுனை இடது மார்பில் சாய்கிறது. வாத்தியத்தின் எடையைக் காலும் மார்பும் தாங்குவதால், கமகங்களுக்காகத் தந்தியின் மீது வழுக்கிச் செல்ல இடது கைக்கு விடுதலை கிடைக்கிறது. இம்முறையின் சிறப்பே அதுதான்.

காலின் நிலை சரியாக அமையாவிட்டால் வயலின் நழுவும். அதைத் தடுக்க இடது கை வாத்தியத்தைப் பற்றிக்கொள்ளும். ஒரே கை தாங்கவும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வில்லைத் தொடாமல், இடது கையையும் விலக்கிப் பாருங்கள். வயலின் அசையாமல் நின்றால் அமர்ந்த முறை சரி.

சிறுவர்களுக்குக் கால், அரை, முக்கால் அளவு வயலின்கள் கிடைக்கின்றன. 'வளர்ந்ததும் பயன்படுமே' என்று முழு அளவு வயலினை வாங்கிக் கொடுத்தால், பிஞ்சு விரல்கள் எட்டாத தூரத்துக்கு இழுபடும். குழந்தையின் கை நீளத்துக்கு ஏற்ற அளவை ஆசிரியரிடம் கேட்டு வாங்குவதே நல்லது.

கடைப்பிடிக்க வேண்டியவை

* விரைவான பகுதிகளை எடுத்தவுடன் வாசிக்க வேண்டாம். முதல் 5 முதல் 10 நிமிடங்களுக்கு நீண்ட வில்வீச்சுடன் மெதுவாக வாசியுங்கள்.

* அரை மணி நேரத்துக்கு ஒருமுறை 5 நிமிடங்கள் வயலினைக் கீழே வையுங்கள். அந்த ஓய்வில் கைப்பேசியைக் கையில் எடுக்க வேண்டாம்.

* கச்சேரியோ தேர்வோ நெருங்கும்போது பயிற்சி நேரத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்காமல், சில வாரங்களுக்கு முன்பிருந்தே சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

* மணிக்கட்டை முன்கைக்கு நேர்கோட்டில் வைத்திருங்கள். தந்தியை ஒலி தெளிவாக எழும் அளவுக்கு மட்டுமே அழுத்துங்கள்.

* ஓய்வின்போது தாளம் போட்டுப் பாடிப் பாடத்தை மனத்தில் பதியச் செய்யலாம். அதுவும் பயிற்சியே.

மருத்துவரை எப்போது அணுகுவது?

வாசித்து முடித்த பின்னும் நீடிக்கும் வலி, மரத்துப்போதல், வீக்கம், பொருள்களைப் பிடிக்க இயலாமை, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுக வேண்டும். வலி நிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டுத் தொடர்ந்து வாசிப்பது காயத்தை மறைத்து ஆழமாக்கும். தாராவியை அடுத்த சயான் மாநகராட்சி மருத்துவமனையில் எலும்பியல், இயன்முறை மருத்துவப் பிரிவுகள் உள்ளன. செல்லும்போது, எந்த அசைவில் வலிக்கிறது, நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் வாசிக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகக் கூறுங்கள்.

தொடக்கத்திலேயே கண்டறிந்தால், பெரும்பாலான தசைநாண் வலிகள் ஓய்வாலும் வாசிக்கும் முறையைத் திருத்துவதாலும் குணமாகும். வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அதைச் சோம்பல் என்று கருதாமல், அன்றைய பாடத்தை நிறுத்தி, காரணத்தை ஆராய்வது ஆசிரியர், பெற்றோர் இருவரின் பொறுப்பாகும்.