மைதானமும் மேல்நிலைத் தேர்வும்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் போட்டிக்குப் புறப்பட்டால், "இந்த ஒரு வருஷம் மட்டும் வேண்டாமே" என்று சொல்ல வீட்டிலும் பள்ளியிலும் ஆள் இருக்கும். 400 மீட்டர் ஓடுகிற எனக்கும் சொன்னார்கள்.

இவ்விவாதத்தில் இரு பெயர்கள் தவறாமல் வரும். விசுவநாதன் ஆனந்த் 1987-இல் உலக இளையோர் சதுரங்கப் பட்டத்தை வென்றவர். இலயோலா கல்லூரியில் வணிகவியலும் படித்து முடித்தார். குகேஷோ நான்காம் வகுப்போடு முறையான பள்ளிப் படிப்பை நிறுத்திக்கொண்டு, 2024-இல் சிங்கப்பூரில் தம் 18-ஆம் வயதில் உலகப் பட்டத்தையே வென்றார். அவரைக் காட்டினால் இரண்டும் முடியும். இவரைக் காட்டினால் ஒன்றை விட வேண்டும்! மாவட்டப் போட்டியில் மூன்றாவதாக வரும் என் போன்றோருக்கு இருவருமே வழிகாட்ட முடியாது. எங்களுக்கு ஓட்டம் சோறு போடும் என்ற உறுதி இல்லை. ஆனாலும் அதை விட மனம் வராது.

என் அன்றைய நாளைச் சொல்கிறேன். காலை 5-க்கு எழுந்தால் 7 வரை மைதானம். 8.30-க்குச் சிறப்பு வகுப்பு. (உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம்தானே!) மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து மறுபடி மைதானம். வீடு சேர 8 மணி. சாப்பிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் 12.30 வரை கண்கள் வரிமேல் ஓடும். மனத்தில் ஒன்றும் நிற்காது. அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 22 வாங்கினேன். ஓட்டத்திலும் ஒரு வினாடி கூடிவிட்டது. இரண்டும் ஒரே சமயத்தில் கெட்டதை நான் கவனிக்கவில்லை. உடற்கல்வி ஆசிரியர் கவனித்தார். "ராத்திரி எத்தனை மணிக்குடா தூங்குறே?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்கள் கூறும் அளவு. எனக்குக் கிடைத்ததோ நாலரை மணி. பகலில் படித்தவை நினைவில் பதிவதற்குத் தூக்கம் துணை செய்கிறது. வளர்ச்சிக்கான சுரப்பு நீர் பெருமளவில் வெளிப்படுவதும், தசைகள் களைப்பிலிருந்து மீள்வதும் ஆழ்ந்த உறக்கத்தில்தான். ஆக, மைதானம் என் படிப்பைக் கெடுக்கவில்லை. தூக்கத்தைத் திருடி இரண்டுக்கும் கொடுக்கப் பார்த்தேன். இரண்டுக்கும் போய்ச் சேரவில்லை.

ஆசிரியர் காலைப் பயிற்சியை வாரம் மூன்று நாளாகக் குறைத்தார். இரவு 10-க்கு விளக்கை அணைக்கச் சொன்னார். என் தந்தைக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் விளக்கு எரியும்போது நம் வீட்டில் அணைவதா என்ற கவலை அவருக்கு! விட்டுப்போன பாடங்களை நண்பனின் நோட்டிலிருந்து எழுதி, டவுன் பஸ்ஸில் போகும் 40 நிமிடமும் பார்த்தேன். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துவிடும் என்று 1885-இலேயே எபிங்காஸ் என்னும் ஜெர்மானியர் தம்மையே சோதித்து எழுதினார். ஒரே இரவில் மூன்று மணி நேரம் படிப்பதைவிட, மறுநாளும் நான்கு நாள் கழித்தும் அரைமணி அரைமணியாகத் திருப்பிப் பார்ப்பது நிற்கும். பயணம் அதற்கு வசதியாயிருந்தது. பொதுத்தேர்வில் இயற்பியலில் 49 வந்தது. பெரிய மதிப்பெண் அன்று, ஆயினும் என்னுடையது.

நோட்டுக் கொடுத்த அந்த நண்பன் 800 மீட்டரில் என்னைவிட நல்ல ஓட்டக்காரன். அரையாண்டு முடிந்ததும் வீட்டார் சொல்லி ஓட்டத்தை விட்டான். மிச்சமான மாலை நேரத்தில் அவன் படித்ததாக அவனே சொல்லவில்லை, மதிப்பெண்ணும் கூடவில்லை. இப்போது நம் கல்லூரியில்தான் வணிகவியல் படிக்கிறான். மாலையில் நான் ஓடும்போது வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, தன் கைக்கடிகாரத்தில் எனக்கு நேரம் பார்ப்பான். "நீயும் வாயேன்டா" என்று கூப்பிட்டால், செருப்பைக் காட்டிச் சிரிக்கிறான்.