ஷூவும் தேசப் பாதுகாப்புதான்! உலக வர்த்தகத்தில் பூட்டு இல்லாத கதவு

1975-ல் ஸ்வீடன், வெளிநாட்டு ஷூக்களை இவ்வளவுதான் இறக்குமதி செய்யலாம் என்று உச்சவரம்பு வைத்தது. சொன்ன காரணம், தேசப் பாதுகாப்பு! போர் வந்தால் ராணுவத்துக்கு பூட்ஸ் தைக்க உள்ளூர் தொழிற்சாலைகள் இருக்க வேண்டுமாம். மற்ற நாடுகள் இதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தன.

2018-ல் அதே காரணத்தோடு வந்தது அமெரிக்கா. இந்த முறை ஸ்டீல். 1962-ம் ஆண்டு சட்டம் ஒன்றின் 232-வது பிரிவைக் கையில் எடுத்த டிரம்ப், ஸ்டீலுக்கு 25%, அலுமினியத்துக்கு 10% வரி போட்டார். அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஜிம் மாட்டிஸ் எழுதிய குறிப்பிலேயே, ராணுவத்தின் தேவை நாட்டின் ஸ்டீல் உற்பத்தியில் சுமார் 3% தான் என்று இருந்தது.

மலிவு ஸ்டீல் வந்து குவிவதுதான் பிரச்னைன்னா, அதுக்குத்தான் ஆன்டி-டம்பிங் வரி இருக்கே?

இருக்கு. ஆனா அதுல வேலை அதிகம். ஒரு கம்பெனி தன் நாட்டில் 100 ரூபாய்க்கு விற்கும் பொருளை இங்கே 70 ரூபாய்க்கு இறக்கினால் அது டம்பிங். ஆனால் அதை மட்டும் காட்டினால் போதாது. உள்ளூர் தொழில் அடிவாங்கியிருக்க வேண்டும், அதற்குக் காரணம் இந்த மலிவு இறக்குமதிதான் என்பதும் நிரூபணமாக வேண்டும். எதிர்த்தரப்புக்கும் பேச வாய்ப்பு உண்டு. வரி அந்த 30 ரூபாய் வித்தியாசத்தைத் தாண்டக் கூடாது. 5 ஆண்டில் மறுஆய்வு செய்து நீட்டிக்காவிட்டால் வரி காலாவதி. இந்தியாவில் இந்த விசாரணையை நடத்துவது வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கும் டிஜிடிஆர்.

பாதுகாப்பு விதிவிலக்கில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. 1947-ல் உருவான காட் ஒப்பந்தத்தின் 21-வது பிரிவு, போர் அல்லது சர்வதேச உறவில் நெருக்கடி வரும்போது, அவசியம் என்று 'தான் கருதும்' நடவடிக்கையை ஒரு நாடு எடுக்கலாம் என்கிறது. புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் பொருட்களுக்கு இந்தியா 200% வரி போட்டதே, அந்த மாதிரி நேரத்துக்கான விதி இது. சுவிட்சர்லாந்து ஸ்டீலால் அமெரிக்காவுக்கு என்ன நெருக்கடி?

யாரும் கேட்கலையா?

கேட்டாங்க. நெருக்கடி நிஜமா என்பதை நடுவர் குழு பரிசோதிக்கலாம் என்று 2019-லேயே ரஷ்யா–உக்ரைன் வழக்கில் உலக வர்த்தக அமைப்பு சொல்லிவிட்டது. (அந்த வழக்கில் ரஷ்யா ஜெயித்தது, 2014-க்குப் பிறகு இரு நாடுகளுக்கும் நடுவில் நெருக்கடி நிஜமாகவே இருந்தது.) 2022 டிசம்பரில் சீனா, நார்வே, சுவிட்சர்லாந்து, துருக்கி தொடுத்த வழக்குகளில் அமெரிக்கா தோற்றது.

ஆனாலும் வரி போகவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க வேண்டிய அமர்வுக்கு 2019 டிசம்பரில் இருந்தே போதிய நீதிபதிகள் இல்லை. புது நியமனங்களைத் தடுத்து வந்ததும் அமெரிக்காதான்! ஆக, தீர்ப்பு அப்படியே கிடப்பில்.

இந்தியா 2019-ல் பாதாம், ஆப்பிள் உட்பட 28 அமெரிக்கப் பொருட்களுக்கு பதில் வரி போட்டது. 2023-ல் பேச்சுவார்த்தை நடத்தி, பாதாம், ஆப்பிள் உட்பட சில பொருட்களுக்கு அதை விலக்கிக்கொண்டது. 2025 மார்ச்சில் டிரம்ப் விலக்குகளை எல்லாம் நீக்கி எல்லா நாடுகளுக்கும் 25% என்றார். ஜூனில் பெரும்பாலான நாடுகளுக்கு அது 50% ஆனது.

'பாதுகாப்பு' என்று பெயர் வைத்தாலும் இது இறக்குமதி திடீரென்று பெருகும்போது போடும் தற்காலிகத் தடுப்பு வரிதான், எனவே பதிலடி கொடுக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று 2025 மே மாதம் உலக வர்த்தக அமைப்பில் இந்தியா நோட்டீஸ் கொடுத்தது. இது தேசப் பாதுகாப்பு, அந்த ஒப்பந்தமே இதற்குப் பொருந்தாது என்று பதில் அனுப்பியது அமெரிக்கா.

அதே மே மாதம் வாகன உதிரிபாகங்களும் 232-வது பிரிவுக்குள் வந்தன, 25% வரியோடு. சென்னை, ஓசூர், கோவையில் இருந்து அமெரிக்காவுக்கு பார்ட்ஸ் அனுப்பும் கம்பெனிகளுக்கு இது நேரடிச் செலவு. ஆன்டி-டம்பிங் வரியாக இருந்திருந்தால், விசாரணையில் கணக்குப் புத்தகத்தைக் காட்டி 'நாங்க டம்ப் பண்ணல' என்று வாதாடலாம்; இல்லாவிட்டால் 5 ஆண்டு மறுஆய்வுக்காகக் காத்திருக்கலாம். 232 வரியில் அப்படிக் காட்ட ஒரு கணக்கும் இல்லை, காத்திருக்க ஒரு தேதியும் இல்லை.