பழங் கைக்கடிகாரம்: பழுது பார்ப்பதும் பாழாக்குவதும்

பெட்டியின் அடியில் கிடந்த பாட்டனாரின் கைக்கடிகாரம் ஒன்று அகப்பட்டால், பெயரனுக்கு முதலில் எழும் விருப்பம் அதைப் புதிது போல் ஆக்கிவிட வேண்டும் என்பதே. கூடு மெருகிடப்படுகிறது. மங்கிய முகப்புக்குப் புது வண்ணம் பூசி எண்களை மீண்டும் அச்சிடுகின்றனர். முட்களும் மாற்றப்படுகின்றன. கடையிலிருந்து திரும்பும்போது கடிகாரம் பளபளக்கிறது. ஆயின், அதைப் பாட்டனார் கட்டியிருந்த கடிகாரம் என்று சொல்வதற்கு எஞ்சியிருப்பது மிகச் சிறிதே. பழங் கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்த்துச் சீர்செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் இன்று பல நாடுகளிலும் உள்ளனர். அவர்களுள் பட்டறிவு மிக்கோர், புதிதாய் வருவோர்க்கு எதைத் தொடாது விடுவது என்பதையே முதற்கண் கற்பிக்கின்றனர்.

கைக்கடிகாரம் தோன்றிய நாளில் அது பெண்டிர்க்குரிய அணியாகக் கருதப்பட்டது. ஆடவர் சட்டைப்பையில் சங்கிலியிட்ட கடிகாரத்தையே வைத்திருந்தனர். 1914இல் மூண்ட முதல் உலகப் போர் அவ்வழக்கத்தை மாற்றியது. பதுங்குகுழியில் இரு கைகளாலும் வேலை செய்யும் போர்வீரன் நேரம் பார்க்கப் பையைத் துழாவுவது இயலாது. ஆகவே, கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது. போர் முடிந்து ஊர் திரும்பியோர் அப்பழக்கத்தையும் உடன் கொண்டு சென்றனர். அன்று தொடங்கி ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் சாவி கொடுத்து ஓடும் கைக்கடிகாரமே உலகை ஆண்டது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானில் சீக்கோ நிறுவனம் ‘அஸ்ட்ரான்’ என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. மின்கலத்தால் ஓடும் அவ்வகை பெருகவே, சுவிட்சர்லாந்தின் பழைய தொழிற்கூடங்கள் பல அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. சேகரிப்போர் பெரிதும் நாடுவது இவ்விரு எல்லைகட்கும் இடைப்பட்ட காலத்துக் கடிகாரங்களையே.

சாவிக் கடிகாரத்தின் உள்ளமைப்பை அறியாமல் அதன் பழுதை அறிதல் அரிது. சாவி கொடுக்கும்போது ஓர் உருளைக்குள் இருக்கும் நீண்ட எஃகு வில் இறுகச் சுருள்கிறது. அது விரிய முயலும் விசை பற்சக்கரங்களின் வழியே செல்கிறது. தடையின்றி விட்டால் அவ்விசை சில நொடிகளிலேயே தீர்ந்துபோகும். அதைத் துளித்துளியாக வெளியே விடுவதற்கு இரு முனைகளை உடைய கவை ஒன்று கடைசிச் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. அந்தக் கவைக்கு ஆணையிடுவது பேலன்ஸ் சக்கரம். ‘ஹேர் ஸ்பிரிங்’ எனப்படும் மயிரிழைச் சுருளின் துணையால் அது வலமும் இடமும் மாறிமாறி ஆடுகிறது. பழங் கடிகாரங்கள் பலவற்றில் இவ்வாட்டத்தின் துடிப்பு மணிக்கு 18,000. அஃதாவது நொடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்புகள். நாளொன்றுக்கு ஒரு நிமிடம் பிசகும் கடிகாரத்தைப் பலரும் ‘கெட்டுப்போனது’ என்பர். ஆனால், 1,440 நிமிடங்களில் ஒன்றே பிசகியது என்று கணக்கிட்டால், அத்துணைச் சிறிய பொறி அவ்வளவு ஒழுங்காக ஓடுவதே வியப்பாகத் தோன்றும்.

முகப்பில் ‘17 கல்’ என்று பொறித்திருப்பதைக் கண்டோர் பலர். அந்தக் கற்கள் எங்கே உள்ளன என்று கேட்டோர் சிலரே. அவை அழகுக்கு வைத்தவையல்ல. எஃகு அச்சு பித்தளைத் துளையில் சுழன்றால் துளை நாளடைவில் தேய்ந்து அகன்றுவிடும். கடினமான மாணிக்கக் கல்லில் துளையிட்டு அதில் அச்சைச் சுழலவிட்டால் தேய்வு மிகக் குறைவு. பேலன்ஸ் சக்கரத்துக்கு மேலும் கீழுமாக நான்கும், அது கவையைத் தட்டும் இடத்தில் ஒன்றும் ஆக ஐந்து. கவையின் இரு முனைகளிலும் அதன் அச்சின் இருபுறத்திலுமாக நான்கு. எஞ்சிய நான்கு சக்கரங்கட்கும் இரண்டிரண்டாக எட்டு. கூட்டினால் பதினேழாகும். இவை பூமியில் தோண்டி எடுத்தவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலார் வெர்னூயி கண்ட முறையில் உலையிட்டு ஆக்கியவை. ஆகவே, கல் வைத்த கடிகாரத்தை உருக்கினால் செல்வம் கிட்டும் என்று எண்ணியோர் ஏமாந்திருப்பர்.

பழங் கடிகாரம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் உறுப்புகள் ஒடிந்தமையன்று. ஊசிமுனை அளவாய் இட்ட எண்ணெய் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து பசையாகிவிடுகிறது; அதில் தூசியும் படிகிறது. மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று மிகுந்த நாடுகளில் இன்னொரு பகையும் உண்டு. வியர்வையும் ஈரமும் சாவித் தண்டின் வழியே உட்புகுந்து, முதலில் அத்தண்டைச் சார்ந்த எஃகு உறுப்புகளைத் துருப்பிடிக்கச் செய்யும். முகப்பு புள்ளி புள்ளியாய்க் கறுப்பதும் இதனாலேயே. சில கடிகாரங்கள் நிற்பதில்லை. திடீரென நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடத் தொடங்கும். காந்தம் ஏறி மயிரிழைச் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காந்தம் நீக்கும் கருவியின் அருகே சில நொடிகள் வைத்தாலே அந்நோய் தீர்ந்துவிடுவதுண்டு. கீழே விழுந்த கடிகாரத்தில் ஒடிவது பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை. தலைமயிர்ப் பருமனே உள்ள அம்முனையைக் காக்கும் அதிர்ச்சித் தாங்கி 1930களில் தோன்றிப் பின்னரே எங்கும் பரவிற்று.

சீர்செய்யும் பணியில் முதற்படி, வில்லில் தேங்கியுள்ள விசையை மெல்ல இறக்குவது. அதை மறந்து கவையைக் கழற்றினால் சக்கரங்கள் வெறிகொண்டு சுழன்று பற்கள் முறியும். பின்னர் உறுப்புகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி, கழற்றிய வரிசை மறவாதபடி தட்டில் அடுக்குகின்றனர். ஒவ்வொரு கட்டத்தையும் நிழற்படம் எடுத்துக்கொள்வது இன்றைய வழக்கம். அதன்பின் கழுவுதல். இங்கே புதியவர் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. கவையின் முனைகளில் உள்ள கற்கள் அரக்கினால் ஒட்டப்பட்டவை. தமிழ்நாட்டில் வளையல் செய்யவும் முத்திரையிடவும் பயன்பட்ட அதே பொருள். சாராயத்தில் ஊறவைத்தால் அரக்குக் கரைந்து கற்கள் நழுவிவிடும். எண்ணெயிடுதலிலும் அளவறிதல் வேண்டும். கவையின் அச்சுக்கு எண்ணெய் இடுவதே வழக்கமில்லை. மயிரிழைச் சுருளில் ஒரு துளி பட்டாலும் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். மிகுதியாக எண்ணெய் இட்டுக் கெட்ட கடிகாரங்கள், இடாமல் கெட்டவற்றினும் குறைவல்ல என்றே சொல்லலாம்.

உள்ளே இருக்கும் பொறியைக் கழுவலாம். ஒடிந்த வில்லை மாற்றலாம். தேய்ந்த அச்சைப் புதிதாய்க் கடைந்து இடலாம். அது ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. இவையெல்லாம் அதற்கு இயல்பான மருத்துவம். முகப்பும் கூடும் அத்தகையன அல்ல. கூட்டை மெருகிடும் சக்கரத்தில் பிடித்தால் கீறலோடு உலோகமும் போகிறது. கூர்மையாயிருந்த விளிம்பு மழுங்குகிறது. பின்மூடியில் பொறித்த எண்ணும் முத்திரையும் தேய்கின்றன. போன உலோகத்தை எவராலும் திரும்ப வைக்க இயலாது. முகப்பை மறுபடி எழுதுவது இன்னும் கொடிது. தொழிற்கூடத்தில் மெல்லிய எழுத்தாய் அச்சிட்டிருந்த பெயர் தடித்துப்போகிறது. நிமிடக் கோடு எண்ணின் நடுவை விட்டு விலகி நிற்கிறது. ஆறு மணிக்குக் கீழே நுண்ணெழுத்தில் இருந்த ‘ஸ்விஸ் மேட்’ என்னும் சொற்கள் காணாமற் போகின்றன.

தமிழாசிரியர்க்கு இது புதிய செய்தியன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடுகளில் சிதைந்திருந்த இடங்களைத் தம் சொற்களால் நிரப்பவில்லை. 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாட்டுகள் கிடைக்கவில்லை. அவ்வெண்கள் இன்றும் பாட்டின்றியே நிற்கின்றன. வேறொருவர் இரு பாட்டுகளை இயற்றி அங்கே வைத்திருந்தால் நூல் நிறைவுற்றதாய்த் தோன்றியிருக்கும். அதன்பின் மற்றப் பாட்டுகளையும் எவர் நம்புவர்? மங்கிய முகப்பு அந்த வெற்றிடம் போன்றது. முற்றும் அரித்துப்போய் எண்ணே தெரியாத முகப்பு ஒன்றை மறுபடி எழுதி அணிய விரும்புவோரைக் குறை கூறுவதற்கில்லை. எழுதியது என்று சொல்லிவிட்டால் போதும்.

சொல்லாமல் விற்பதால் விளையும் கேட்டுக்கு எச்.எம்.டி. கடிகாரங்களே சான்று. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் இந்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் தொகுதியை அன்றைய பிரதமர் நேரு வெளியிட்டார். சாவி கொடுக்கும் ‘ஜனதா’, கறுப்பு முகப்புடைய ‘பைலட்’ முதலியன இந்தியா முழுவதும் பரவின. தேர்வில் வென்ற மகனுக்கும் மணமகனுக்கும் அளிக்கும் பரிசாக அவை விளங்கின. தேவநாகரி எழுத்தில் பெயர் பொறித்த முகப்புகளும், பார்வையற்றோர் விரலால் தடவி அறியும் பிரெய்ல் கடிகாரங்களும் அந்நிறுவனம் செய்தவையே. குவார்ட்ஸ் கடிகாரங்களோடு போட்டியிட இயலாமல் அது நலிந்தது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனத்தின் கூட்டோடு ஓசூரில் எழுந்த டைட்டான் நிறுவனம் அப்போட்டியில் முன்னின்றது. 2016இல் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட இந்திய அரசு ஒப்புதல் அளித்தது.

மூடுவிழாச் செய்தி பரவியதும் பழைய ‘ஜனதா’வுக்கு விருப்பம் பெருகிற்று. விருப்பம் பெருகிய இடத்தில் கைவேலையும் பெருகியது. உடைந்த கடிகாரங்களின் பொறியை எடுத்து, தொழிற்கூடம் என்றும் வெளியிடாத சிவப்பு, பச்சை, நீலம் எனப் பல வண்ண முகப்புகளைச் செய்து பொருத்தி, ‘பழைய இருப்பு’ என்று விற்போர் உளர். அவற்றுட் பல நன்றாகவே ஓடும், விலையும் குறைவு. வண்ணத்துக்காக வாங்கி அணிவோர்க்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால், தந்தையார் 1960களில் அணிந்த கடிகாரம் எத்தகையது என்று அறிய விரும்பும் ஒருவர், இப்போலிகளின் நடுவே மெய்யான முகப்பைத் தேடிக் களைத்துப்போகிறார். உருப்பெருக்கியை எடுத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். நாற்பதாண்டு தேய்ந்த கூட்டுக்குள் மாசற்ற முகப்பு இருந்தால் ஐயுறுதல் வேண்டும். மணி முள் ஓரிடத்தும் நிமிட முள் வேறிடத்தும் பிறந்தவை போல நிறம் மாறியிருந்தாலும் அப்படியே.

முகப்பைத் தொடாது விடுவதற்குக் காரணம் வேறொன்றும் உண்டு. இருளில் ஒளிரும் எண்களை உடைய பழங் கடிகாரங்கள் பலவற்றில் ரேடியம் கலந்த பூச்சு உள்ளது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில் 1917 முதல் இளம்பெண்கள் இப்பூச்சைத் தூரிகையால் தீட்டினர். நுனியைக் கூராக்கத் தூரிகையை உதட்டில் வைத்துத் திரட்டுமாறு அவர்கட்குக் கற்பிக்கப்பட்டது. தாடை எலும்பு அழுகிப் பலர் மாண்டனர். அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928இல் இழப்பீட்டோடு முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றில் அவ்வழக்குக்குத் தனியிடம் உண்டு. அக்காலத்துக் கடிகாரம் இன்று ஒளிராது. ரேடியம் தீர்ந்துவிட்டது என்று அதனால் எண்ணுவது பெருந்தவறு. ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடுதான் சிதைந்துபோயிற்று. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள்; நூறாண்டில் அதில் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல் மட்டுமே குறையும். மூடிய கடிகாரத்தினும் திறந்த கடிகாரமே அஞ்சத்தக்கது. உதிர்ந்த பூச்சு தூசியாய் மூச்சோடு உள்ளே சென்றால் எலும்பில் தங்கும். எனவே, பூச்சைச் சுரண்டுதல் ஆகாது. சாப்பாட்டு மேசையில் வைத்து அத்தகைய கடிகாரத்தைத் திறப்பதும் ஆகாது. பலவற்றைக் காற்றோட்டமற்ற படுக்கையறையில் குவித்து வைத்தலும் நன்றன்று. பின்னாளில் ரேடியத்துக்கு மாற்றாக வந்த டிரிட்டியத்தின் அரை ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகளே. முகப்பின் அடியில் ‘டி’ என்னும் ஆங்கில எழுத்தால் அதை அறியலாம்.

பின்மூடியின் உட்புறத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், ஊசியால் கீறிய நுண்ணெழுத்துகள் சில கடிகாரங்களில் தென்படும். பழுது பார்த்தவர்கள் தத்தம் அடையாளத்தையும் நாளையும் அங்கே குறித்து வைத்தனர். மீண்டும் அக்கடிகாரம் கடைக்கு வந்தால் தம் வேலையை அறிந்துகொள்ள அது உதவிற்று. ஒரே மூடியில் மூன்று நான்கு கைகளின் எழுத்துகள் இருப்பதுமுண்டு. தேர்ந்த சேகரிப்பாளர் அவற்றை மெருகிட்டு அழிப்பதில்லை. புதிதாய்க் கீறுவதும் இல்லை. எந்த வில்லை மாற்றினார், எந்த அச்சைக் கடைந்தார் என்பதை ஒரு சீட்டில் எழுதி, கழற்றிய பழைய உறுப்பைச் சிறு உறையில் இட்டு, இரண்டையும் கடிகாரத்தோடு சேர்த்து வைக்கின்றார்.