தேசிக்காய் மலியும் நாளில்

சந்தையில் தேசிக்காயைப் போலக் குணம் மாறும் சரக்கு வேறு இல்லை. ஒரு மாதம் காய்க் கணக்கில் விலை பேசி வாங்குகிறோம். இன்னொரு மாதம் மொனராகலைப் பக்கத்திலிருந்து லொறி லொறியாக வந்து இறங்க, தம்புள்ளையில் மூடையை அவிழ்த்துப் பார்க்கவும் ஆள் இருக்காது. பறிகூலிக்கும் கட்டாது என்று விவசாயி காயை மரத்திலேயே விட்டுவிடுகிறார். வளவில் இரண்டு மூன்று மரம் வைத்திருக்கும் நமது வீடுகளில் அது பழுத்து உதிர்ந்து, குப்பையோடு குப்பையாகக் கூட்டி அள்ளப்படுகிறது. பிறகு விலை ஏறிய மாதத்தில் நோன்பும் வந்துவிட்டால், சர்பத்துக்குத் தேசிக்காய் கிடைக்கவில்லை என்று கடைக்காரனை ஏசுகிறோம்.

மலிந்த மாதத்தில் உப்பிட்டு வைப்பது ஒன்றுதான் இதற்கு வழி. இது புதிய யோசனை அல்ல. எங்கள் உம்மாவின் சாடியில் எப்போதும் உப்புத் தேசிக்காய் இருந்தது. வயிறு சரியில்லை என்றாலும் அதுதான், கறி இல்லாத இரவுச் சோற்றுக்கும் அதுதான். இன்று அதே பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். வீட்டிலிருந்து சிறு வருமானம் தேடும் சகோதரிகளுக்கு இதைவிடக் குறைந்த முதலில் தொடங்கக்கூடிய தொழில் அதிகம் இல்லை. அடுப்பு வேலை கொஞ்சம்தான், மிகுதியை வெயில் பார்த்துக்கொள்ளும். 2022 இல் எரிவாயு வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் இதில் நான் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவன். எங்கள் ஊரில் ஒரு சகோதரி நல்ல ஊறுகாய் போடுவார். நோன்புக்கு முன் அறுபது போத்தல் வேண்டும் என்று நான் அவரை அவசரப்படுத்தினேன். வானம் மூடிக்கிடந்த வாரம் அது. "முதலாளி, இன்னும் நாலு வெயில் காய வேணும்" என்று அவர் சொன்னார். வியாபாரம் தவறிவிடும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு கிழமையில் போத்தல்களில் நுரை கட்டி மூடி பொங்கியது. சிலவற்றில் மேலே பச்சைப் பூசணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தது பெரிய விடயம் அல்ல. அதன் பின் ஒரு வருட காலம் அந்தத் தெருவில் அவருடைய கைப்பக்குவத்தை ஒருவரும் நம்பவில்லை. பிழை என்னுடையது, பெயர் கெட்டது அவருடையது.

ஆகவே அவர் எனக்குப் பின்னர் விளங்கப்படுத்திய முறையையே இங்கு எழுதுகிறேன். மஞ்சள் பிடிக்கத் தொடங்கிய, அடிபடாத காயாகத் தெரிவு செய்ய வேண்டும். கழுவி, கொதிநீரில் தோலின் நிறம் மாறும் வரை சில நிமிடம் போட்டெடுத்தால் கசப்புக் குறையும். ஈரம் ஒரு சொட்டும் இல்லாமல் துடைத்து, அடி பிரியாமல் நான்காகக் கீறி, உள்ளே உப்பை அடைக்க வேண்டும். ஒரு கிலோ காய்க்கு 200 முதல் 250 கிராம் உப்பு. சிக்கனம் பார்த்து இதைக் குறைப்பவர்கள்தான் பிறகு பூசணத்தைப் பார்ப்பவர்கள். (2025 இல் மழையால் உப்பளங்கள் பாதிக்கப்பட்டு, கடல் சூழ்ந்த நாட்டுக்கு இந்தியாவிலிருந்து உப்பு வந்ததையும் கண்டோம். அன்று இந்த அளவைச் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.)

மூன்று நான்கு நாள் சாடியில் கிடந்தால் சாறு விடும். அதன் பின் பகலில் காயை எடுத்து வெயிலில் பரப்புவதும், மாலையில் அதே சாற்றில் திரும்பப் போடுவதுமாக, சாறு முழுவதும் காய்க்குள் இறங்கித் தோல் மண்ணிறமாகும் வரை செய்ய வேண்டும். நல்ல வெயில் என்றால் ஒன்றரைக் கிழமை. மழை என்றால் கணக்கே இல்லை. காயைப் பிழிந்தால் நீர் கசியக் கூடாது, அதுவே அடையாளம். அலுமினியச் சட்டி வேண்டாம், உப்பும் புளிப்பும் அதை அரிக்கும். தகர மூடியும் அப்படித்தான் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் மூடி போடுங்கள். போத்தலைப் பத்து நிமிடம் நீரில் அவித்துக் கவிழ்த்து உலர்த்துங்கள்.

இதோடு கொச்சிக்காய்த் தூள், உள்ளி, கடுகு, வினாகிரி சேர்த்தால் ஊறுகாய். நோன்பு முடிந்து வீட்டில் மிஞ்சும் பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிச் சேர்த்துச் சீனியும் போட்டால் இன்னொரு சரக்கு, புரியாணிக்கு அருமையாக இருக்கும். வினாகிரியை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். எனினும் கள்ளிலிருந்து செய்யும் தென்னை வினாகிரி பற்றிச் சிலருக்குத் தயக்கம் உண்டு. அது தானாகப் புளித்து மாறியதா, ஏதும் சேர்த்து மாற்றியதா என்பதில் மத்ஹபில் விளக்கம் இருக்கிறது. ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தயக்கம் உள்ளவர்கள் வினாகிரிக்குப் பதில் தேசிச் சாற்றையே ஊற்றலாம், காய் மலிவான காலம்தானே.

இனி நமது பக்கத்துக் கணக்கு. பெரும்பாலோர் காயின் விலையையும் உப்பின் விலையையும் மட்டும் கூட்டிப் போத்தலுக்கு விலை போடுகிறார்கள். மலிந்த காலத்தில் உள்ளே இருக்கும் காயைவிடப் போத்தலும் மூடியும் லேபலும்தான் அதிகச் செலவு. பத்துக் கிலோ காய் போட்டால் பத்துக் கிலோ ஊறுகாய் வராது, உலர்ந்த பின் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை முதல் தடவையே நிறுத்து எழுதி வையுங்கள். பழுதாகக் கழித்த காயும் கணக்கில் வர வேண்டும். உங்கள் கூலியும் வர வேண்டும், வீட்டில் சும்மா இருந்த நேரம்தானே என்று அதை விடாதீர்கள். 100 ரூபாவுக்கு விற்கும் பொருளில் என்னைப் போன்ற கடைக்காரன் 20 ரூபா எதிர்பார்ப்பான். இதையும் சேர்த்துக் கட்டாவிட்டால் அந்த விலைக்குக் கொடுக்காதீர்கள்.

லேபலில் பொருளின் பெயர், சேர்மானம், நிறை, தயாரித்த திகதி, காலாவதித் திகதி, விலை, முகவரி இருக்கட்டும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்து விற்பவரையும் கட்டுப்படுத்தும். தொடங்கும்போதே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு பேசிவிட்டால், பின்னர் அவர் கடைக்கு வரும்போது பயமில்லை.

முதல் தடவை பன்னிரண்டு போத்தலுக்கு மேல் கடைக்குக் கொடுக்க வேண்டாம். அதே சாடியிலிருந்து ஒரு போத்தலை வீட்டில் திறக்காமல் வைத்து, ஒரு மாதம் பாருங்கள். அந்தச் சகோதரி இப்போது அப்படித்தான் செய்கிறார். வானம் மூடிய வாரத்தில் நான் தொலைபேசி எடுத்தால் பதில் சொல்வதுமில்லை.