கல்லக்குடிக்குள் ஒரு கடல்

கல்லக்குடி என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் தண்டவாளம்தான் நினைவுக்கு வரும். சிமென்ட் ஆலையால் வந்த டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி 1953 ஜூலையில் மு. கருணாநிதியும் தோழர்களும் ரயிலை மறித்த ஊர் அது. போராட்டம் வரலாறாகிவிட்டது. ஆனால் ஆலையை அந்த ஊருக்கு இழுத்துவந்த கல்லைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்தக் கல் இல்லையென்றால் 1939-இல் அங்கே சிமென்ட் ஆலையும் வந்திருக்காது, மாற்றச் சொல்வதற்கு ஒரு பெயரும் இருந்திருக்காது.

திருச்சியிலிருந்து லால்குடி, புள்ளம்பாடி வழியாகப் போனால் நெல்வயல் மெல்லக் கழிந்து புன்செய் வந்துவிடும். காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் பின்னால் நின்றுவிடுகிறது. மலைக்கோட்டையைத் தாங்கும் பழம்பாறையும் இங்கே கண்ணில் படாது, கீழே புதைந்து கிடக்கிறது. அதன்மேல் படிந்திருப்பது ஒரு கடல். இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்தபிறகு கிழக்குக் கரையோரம் நிலம் தாழ்ந்து கடல் உள்ளே ஏறியது. கல்லக்குடியின் சுண்ணாம்புக்கல் பிறந்தது சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்தக் கடலின் ஆழமில்லாத, வெயில் படும் ஓரத்தில்.

ஆலைக்குக் கல் வெட்டும் சுரங்கத்தின் செங்குத்தான சுவர்தான் இங்கே பார்க்கவேண்டியது. ஒரு பகுதியில் கல் அடுக்கடுக்காகத் தெரியும். இன்னொரு பகுதியில் அடுக்கே இல்லாமல் சாம்பலும் வெளிறிய இளஞ்சிவப்புமாகத் திரண்டு நிற்கும். இரண்டாவதுதான் பவளத்திட்டு. பவளப்பூச்சிகளும் சுண்ணாம்பு சேர்க்கும் கடற்பாசிகளும் இருந்த இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து உண்டானது என்பதால் அதில் அடுக்கு இல்லை. திட்டு உடைந்து சரிந்த துகள்தான் அருகே அடுக்காகப் படிந்தது. புதிதாக உடைந்த துண்டை வெயிலில் திருப்பினால் சின்னச் சின்ன முகங்கள் பளிச்சிடும். அவை கால்சைட் படிகங்கள். நகத்தால் கீறினால் கீறல் விழாது, இரும்பு ஆணிக்கு விழும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கும்.

ஆலைக்காரர் பார்வை வேறு. அவருக்குப் பவளமும் பாசியும் முக்கியமில்லை. கல்லில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, மக்னீசியா எவ்வளவு என்பதே கேள்வி. மக்னீசியா மிகுந்தால், கட்டி முடித்து நாளான பிறகும் சிமென்ட் உப்பி வெடிப்பு விடும். களிமண் கலந்த கல் அவ்வளவு கெட்டதல்ல. சிமென்ட்டுக்குச் சிலிக்காவும் அலுமினாவும் எப்படியும் வேண்டும். எல்லாம் அரைபட்டுச் சூளையில் 1,450 டிகிரியில் வெந்து கிளிங்கர் ஆகிறது. அது சட்டென்று இறுகிவிடாமலிருக்கக் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைப்பார்கள். அந்த ஜிப்சமும் இதே கடலின் அடுத்த பக்கம்தான்: காரை, குளக்காநத்தம் பகுதியின் களிமண் மேடுகளில் கண்ணாடித் தகடுபோல மின்னும் நரம்புகளாக ஓடுகிறது.

ஆலையின் இந்தக் கணக்கில் ஒரு கசப்பும் இருக்கிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்புதான் கிடைக்கும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். பவளங்கள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூட்டிவைத்ததைச் சூளை திறந்துவிடுகிறது. பழைய சுண்ணாம்புச் சாந்து அதில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கால்சைட்டாகவே இறுகும். ஸ்ரீரங்கம் கோயில் திருப்பணியில் மரபு முறைச் சுண்ணாம்புச் சாந்துக்குத் திரும்பினார்கள். 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அந்தத் திருப்பணிக்குக் கிடைத்தது. சிமென்ட் ஆலைகள் சூழ்ந்த மாவட்டத்தில் இது நடந்தது என்பது எனக்குப் பிடித்த முரண்.

இந்தக் கடலை உலகுக்கு முறையாகச் சொன்னவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக இந்தப் பகுதியை அலைந்து அளந்து 1862-இல் அறிக்கை வெளியிட்டார். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரும் அவரே. இங்கே கிடைத்த அம்மோனைட், சிப்பிப் புதைபடிவங்களை வகைபிரித்து எழுதியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிட்ஸ்கா. 1874-இல் யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயரத்தில் நோயுற்று இறந்தார். உலகின் எந்த மூலையிலும், இந்தக் கடல் இருந்த கிரிட்டேசியஸ் காலத்தைப் படிப்பவர்கள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற பெயர்களைப் பாறைத்தொகுதிகளின் பெயர்களாகவே அறிவார்கள். ஊர்க்காரர்களுக்குத்தான் அது தெரியாது.

சுரங்கம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வெடி வைத்துத் தோண்டியதால்தான் பவளத்திட்டின் உள்வெட்டு கண்ணுக்குக் கிடைத்தது. தோண்டாமல் விட்டிருந்தால் அது முள்ளுக்காட்டுக்கு அடியிலேயே கிடந்திருக்கும். ஆனால் காட்டிய கையே அழிக்கவும் செய்கிறது. அடுத்த வெடியில் நேற்றைய சுவர் கிரஷருக்குப் போய்விடும். வேலை முடிந்த குழியில் மழைநீர் நிறையும். பாதுகாக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அரியலூரின் கல்லமேடு சாட்சி. அங்கே கிடைத்த மிகப்பெரிய டைனோசர் எலும்புகளுக்கு 1987-இல் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயர் இருக்கிறது, எலும்புகள் உதிர்ந்து போய்விட்டன.

இதற்கு மாறாக, சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது. 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டு சொன்னதால் வந்த பலன் அது. கல்லக்குடியிலும் ஒரு பழைய குழியின் ஒரே ஒரு சுவரை, பவளத்திட்டும் அடுக்குக்கல்லும் ஒட்டி நிற்கும் இடமாகப் பார்த்து, வெட்டாமல் நிறுத்தலாம். சுற்றிலும் வேலி, தமிழில் ஒரு பலகை, பள்ளிப் பிள்ளைகள் இறங்கிப் பார்க்கப் படிக்கட்டு. ஆலைக்கு இது பெரிய நஷ்டமில்லை. கனிமவளத் துறையும் ஆலை நிர்வாகமும் சேர்ந்து, குத்தகைக் காலம் முடிந்து குழி நீரில் மூழ்குவதற்குள் இதைச் செய்யவேண்டும்.