உங்களுக்குத் தெரியுமா? சுற்றுலாச் சாலையோரக் கூண்டுக்கிளிகள்

● உடம்புக்கு முடியாத கிளி அதைக் கடைசி வரை வெளியே காட்டிக்கொள்ளாது. துவண்டு நிற்கும் பறவையைத்தான் வல்லூறு முதலில் குறிவைக்கும். அதனால் சக்தி இருக்கும் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து தீனியைக் கொறித்துக்கொண்டிருக்கும். “நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு, காலையில பார்த்தா செத்துக் கிடக்கு” என்று கூண்டுக்காரர் சொல்வது பல சமயம் உண்மையாகவே இருக்கும். அவருக்குப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். பட்டப்பகலில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடியிருக்கிறதா, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா, நெஞ்செலும்பு துருத்தித் தெரிகிறதா என்றுதான் பறவை மருத்துவர்கள் முதலில் கவனிப்பார்கள். “எவ்வளவு சாதுவா இருக்கு பாரு” என்று நாம் மெச்சும் கிளியிடம் இந்த மூன்றும் இருக்கலாம்.

● தோளில் உட்காரவைத்துப் படம் எடுக்கும் மக்காவ் கிளி ஏன் பறந்து போவதில்லை? பெரும்பாலும் இறக்கையின் வெளி இறகுகளைக் கத்தரித்திருப்பார்கள். நகம் வெட்டுவது மாதிரி, வெட்டும்போது வலிக்காது. அதன் பிறகுதான் துன்பம். பறக்காத பறவையின் நெஞ்சுத் தசை கரையும். பயந்து எழும்பினால் நேராகத் தரையில் விழுந்து நெஞ்செலும்பு அடிபடும். பறக்கக் கற்கும் வயதிலேயே வெட்டப்பட்ட குஞ்சு ஒழுங்காகப் பறக்கக் கற்காமலே போகலாம்.

● நம் ஊர்ப் பச்சைக்கிளி வாலோடு சேர்த்து சுமார் 40 செ.மீ. நீளம். இரண்டு இறக்கையையும் விரித்தால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். கிளி ஜோசியரின் மரப்பெட்டியை அடுத்த முறை பார்க்கும்போது கண்ணாலேயே அளந்து பாருங்கள். அதற்குள் அந்த இறக்கையை விரிக்க வழியே இல்லை. நாளில் சில தடவை வெளியே வந்து, சீட்டெடுத்து, ஒரு நெல்மணி வாங்கிக்கொண்டு உள்ளே போவதுதான் அதன் மொத்த நடமாட்டம்.

● மலைப்பாதையில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றைப் பார்த்தேன். நெஞ்சும் தொடையும் மொட்டையாக இருந்தன. தோல் சிவந்து, அங்கங்கே புதிதாக முளைத்த இறகுக்குருத்துகள் கடிபட்டு ரத்தப் புள்ளியாக நின்றன. தலையில் மட்டும் ஓர் இறகு குறையவில்லை. “ஏதோ சரும நோய்” என்றார் கல்லாவில் இருந்தவர். சரும நோய் என்றால் பெரும்பாலும் தலையையும் விட்டுவைத்திருக்காது. தன் அலகு எட்டாத ஒரே இடம் தலை என்பதால்தான் அது தப்பித்திருந்தது. மற்ற இறகையெல்லாம் கிளி தானே பிடுங்கியிருக்கிறது. தனிமை, சலிப்பு, ஓயாத அச்சம், சில சமயம் உள்நோய் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. காட்டில் சுதந்திரமாகத் திரியும் கிளிகளிடம் இந்தப் பழக்கத்தைக் காண்பது அரிது. வருடக்கணக்கில் தொடர்ந்தால் இறகின் வேர் சிதைந்து, பிறகு முளைக்கவே முளைக்காது.

● சாம்பல் கிளிகளின் ரத்தத்தை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியர் வயதாக ஆகக் குறுகும். ஜோடியாக வாழ்ந்த கிளிகளைவிடத் தனியே வைக்கப்பட்ட கிளிகளுக்கு அது குட்டையாக இருந்தது. ஒற்றைக் கிளியை அடைத்து வைப்பது அதன் செல்களையே முன்கூட்டி மூப்படையச் செய்யலாம் என்று பொருள். இந்தக் கிளிகள் நல்ல பராமரிப்பில் ஐம்பது வயதுவரைகூட வாழக்கூடியவை. கடை கைமாறும், முதலாளி மாறுவார், கிளி அதே கூண்டில் இருக்கும்.

● மிளகாயின் காரம் கிளிக்கு உறைக்காது. அந்தக் காரத்தை உணரும் அமைப்பு பறவைகளிடம் மந்தம். பயணிகள் மிளகாய் நீட்டி வேடிக்கை பார்ப்பதால் கிளிக்குக் கெடுதல் இல்லை. கெடுதல் சூரியகாந்தி விதையில் இருக்கிறது! வருடம் முழுக்க அதையும் நெல்லையும் மட்டுமே போட்டால் வைட்டமின் ஏ பற்றாக்குறை வரும். வாய்க்குள் வெள்ளைக் கட்டி, மூக்கடைப்பு, அடிக்கடி தொற்று என்று அது முற்றும். விதையின் கொழுப்போ ஈரலில் படியும். கோவைப்பழம், கேரட், முருங்கைக்கீரை போன்றவை கிடைத்தாலே பாதித் தொல்லை குறையும். எல்லாமே நம் சந்தையில் மலிவாகக் கிடைப்பவை. பயணிகள் கொடுக்கும் சாக்லேட்டும், இப்போது சாலடுகளில் தட்டுப்படும் அவகாடோ பழமும் கிளிக்கு விஷம்.

● புத்தம் புதிய ஜி.ஐ. கம்பி வலைக் கூண்டும் ஆபத்துதான். கிளி சும்மா இருக்காது, கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். மேல்பூச்சில் உள்ள துத்தநாகம் வயிற்றுக்குள் போய் விஷமாகும்.

● நெடுஞ்சாலைப் புகை நம்மைவிடக் கிளியைத்தான் சீக்கிரம் தாக்கும். பறவையின் மூச்சு அமைப்பு காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுப்பதில் நம்முடையதைவிடத் திறமையானது. நச்சையும் அதே வேகத்தில் உள்ளே இழுக்கும். விஷவாயுவை முன்கூட்டி அறிய பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரிக் குருவிகளை வைத்திருந்தது இதனால்தான். இரவிலோ கடையின் டியூப்லைட்டும் பஸ் ஹாரனும். கிளிக்கு நாளுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாத இருட்டும் உறக்கமும் வேண்டும்.

● கிளிக்கு முத்தம் கொடுத்துப் படம் எடுப்பவர்களுக்கு: காய்ந்த எச்சத்தின் தூசு வழியாக ‘சிட்டகோசிஸ்’ என்ற நுரையீரல் தொற்று மனிதருக்கு வரும். 1929-30-இல் தென் அமெரிக்கக் கிளி வியாபாரத்தோடு அது பல நாடுகளுக்குப் பரவி உயிர்களைக் குடித்தது. நெரிசலிலும் மன உளைச்சலிலும் இருக்கும் கிளிகளே கிருமியை அதிகம் வெளியேற்றும்.

● பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம். இந்தியக் கிளிகள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. பிடிப்பதற்கும் விற்பதற்கும் அடைப்பதற்கும் மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. 2024 மக்களவைத் தேர்தல் சமயம் கடலூரில் வேட்பாளர் ஒருவருக்குக் கிளி ஜோசியம் பார்த்த காட்சி பரவியதும், வனத்துறை கிளிகளைப் பறிமுதல் செய்து ஜோசியரை எச்சரித்து அனுப்பியது. கிளியை மீட்டது சரி. ஆனால் பெட்டியைத் தூக்கி அலையும் ஏழைக்கு வந்த சோதனை, டிக்கெட் போட்டு மக்காவ் காட்டுகிறவர்களுக்கு வெகுகாலம் வரவில்லை. வெளிநாட்டுக் கிளிகள் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தன. 2022 திருத்தம்தான் அவற்றை உள்ளே கொண்டுவந்தது. 2024-இல் வந்த விதிகள்படி மக்காவ், சாம்பல் கிளி வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் சான்று கையில் இருந்தால் கிளி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

● அசையக்கூட இடமில்லாத கூண்டில் விலங்கையோ பறவையையோ அடைப்பது 1960 மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய்! அறுபது வருடங்களுக்கு மேலாகியும் இந்த அதிகபட்சத் தொகை மாறவில்லை. பல இடங்களில் கிளியோடு ஒரு படம் எடுக்க இதைவிட அதிகம் வாங்குகிறார்கள். இந்தத் தொகையை உயர்த்தாமல் எந்தக் கூண்டும் பெரிதாகாது.

● நாம் மட்டும்தான் தாமதம் என்றில்லை. அமெரிக்காவின் மயாமியில் 1936-இல் திறந்த ‘பேரட் ஜங்கிள்’ அந்நாட்டுச் சாலையோரச் சுற்றுலாவின் புகழ்பெற்ற பெயர்களில் ஒன்று. அதன் பிறகு வேறு இடங்களிலும் கிளிக்காட்சிகள் முளைத்தன. விலங்கு நலச் சட்டம் 1966-இல் வந்தது. ஆனால் காட்சிக்கு வைக்கும் பறவைகளுக்கான பராமரிப்பு விதிகள் 2023-இல்தான் வெளியாயின.

● மனம் பொறுக்காமல் காசு கொடுத்து வாங்கி அங்கேயே பறக்கவிடாதீர்கள். அந்தக் காசில் அடுத்த குஞ்சு மரப்பொந்திலிருந்து வந்துவிடும். நீங்கள் விட்ட கிளியோ பறக்க முடியாமல் காக்கைகளிடம் மாட்டும். இடம், தேதி, கூண்டின் படம், தண்ணீர்க் கிண்ணத்தின் படம் ஆகியவற்றோடு மாவட்ட வன அலுவலகத்தில் புகார் கொடுப்பதே பலன் தரும். கடைக்காரரோடு வாய்த்தகராறு வேண்டாம். அதிகாரிகள் வருவதற்குள் கூண்டு இடம் மாறிவிடும்.

● மீட்ட கிளியை உடனே விடமாட்டார்கள். வெட்டிய இறகு உதிர்ந்து புதியது முளைக்க ஒரு வருடம்கூட ஆகலாம். அதன் பின் கரைந்த தசை தேற வேண்டும், இரை தேடப் பழக வேண்டும். அதுவரை அதற்குத் தேவை, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பறந்து போகும் அளவு நீளமான கூண்டும், கூடவே கத்திப் பேச இன்னும் சில கிளிகளும்.